குண்டுக் குழந்தைக்குத்தான் குத்திப் பார்க்கிறோம்

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்திலிருந்து பிரசவத்துக்கு வருகிறவர்களில் பாட்டிமார்தான் முதலில் சண்டைக்கு வருவார்கள். "ஏம்மா, நாலு கிலோ இருக்கான், கொழுகொழுன்னு. இவனுக்கு எதுக்கு இந்தக் குத்து?" பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை அளவை மீட்டரில் பார்க்கிறோமே, அந்தக் குத்துதான். நாலு கிலோ இருக்கிறதாலதான் பாட்டி, என்பேன் நர்சான நான்.

அம்மாவுக்குக் கர்ப்பத்தில் சுகர் இருந்தால் அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும், இன்சுலின் போகாது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து பழகிவிடுகிறது, குழந்தையும் குண்டாகிவிடுகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரவு நின்றுபோகும், இன்சுலின் உடனே அடங்காது, அளவு சரசரவென்று இறங்கிவிடும். எடை குறைந்தது, குறைமாதம் என்றால் கதை வேறு, அவற்றுக்குச் சர்க்கரைக் கையிருப்பே கம்மி.

குத்துவதிலும் பக்குவம் இருக்கிறது. குதிகாலின் நடுவில் கூடாது, எலும்பு இருக்கிறது, பக்கவாட்டில்தான். கால் ஜில்லென்று இருந்தால் கையில் பொத்தி வைத்துச் சூடேற்ற வேண்டும், ஸ்பிரிட் நன்றாகக் காய வேண்டும் (காயாவிட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும்), முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை ஸ்ட்ரிப்பில் தொட வேண்டும், போட்டுப் பிதுக்கக் கூடாது. சர்க்கரை அளவு 45-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே வந்தால் லேபுக்கும் ரத்தம் அனுப்புவோம், ஏனென்றால் குறைந்த அளவுகளில் குளுக்கோமீட்டரை முழுக்க நம்ப முடியாது. ஆனால் ரிசல்ட் வரட்டும் என்று கைகட்டி நிற்பதில்லை.

"சுகர் கம்மின்னா சேனை வெச்சுடலாமே?" என்பார்கள், பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பைத் தொட்டு வைப்பதைச் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் வேண்டாம். சர்க்கரைத் தண்ணியும் வேண்டாம், தேன் வேண்டவே வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், அம்மாவின் நெஞ்சோடு நெஞ்சாகக் குழந்தை, அதுதான் முதல் வைத்தியம். ரொம்பக் குறைந்தாலோ வெட்டு (வலிப்பு) வந்தாலோ டாக்டர் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் திரவம்) ஏற்றுவார்.

கை கால் நடுங்கினால்தானே பயப்படணும் என்று நினைக்காதீர்கள். எந்த அறிகுறியும் இல்லாமல் சமத்தாகத் தூங்குகிற குழந்தைக்கும் அளவு இறங்கியிருக்கும். அதனால்தான் பிறந்து 2 மணி நேரம் ஆனதும் ஒரு தடவை, அப்புறம் 6, 12, 24 மணி நேரத்தில் என்று விடாமல் வந்து நிற்கிறோம். சரியான எடையில், மாதம் நிறைந்து, நன்றாகப் பால் குடிக்கிற குழந்தைக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். கர்ப்பத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து டெஸ்ட் எடுத்திருப்பார்கள், 2 மணி நேரத்தில் 140 அல்லது அதற்கு மேல் வந்திருந்தால் உள்ளே வரும்போதே சொல்லிவிடுங்கள். குழந்தை பிறந்து எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்து முடித்த பிறகு, "ஆமாங்க சிஸ்டர், சுகர் மாத்திரை போட்டுட்டுதான் இருந்தா" என்று சாவகாசமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் முதல் டெஸ்ட் நேரமே தாண்டியிருக்கும்.