இரண்டாவது கையெழுத்து

தன் நோயாளிகளையே கொன்ற இங்கிலாந்து டாக்டர் ஹரோல்டு ஷிப்மன் எப்படி மாட்டினார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். மார்ச் மாதமே ஏன் மாட்டவில்லை என்பதுதான் இன்னும் மனதைக் குடைகிறது.

ஹைடு ஊரின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஷிப்மன் கிளினிக்குக்கு எதிர்ச்சாரியில் புரூக் சர்ஜரி என்ற இன்னொரு கிளினிக். 1998 மார்ச் 24 அன்று அங்கிருந்த டாக்டர் லிண்டா ரேனால்ட்ஸ், சந்தேகச் சாவுகளை விசாரிக்கும் அதிகாரியான கொரோனர் ஜான் பொல்லார்டிடம் ஒரு கணக்கைச் சொன்னார். சுமார் 9,500 நோயாளிகள் உள்ள தங்கள் கிளினிக்கில் மூன்று மாதத்தில் 14 சாவு. அந்த நோயாளி எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு பேரை மட்டும் பார்க்கிற ஷிப்மனிடமிருந்து, அதே மூன்று மாதத்தில் தங்களிடம் கையெழுத்துக்கு வந்த தகனப் படிவங்களே 16.

சிக்கல் அந்தக் கையெழுத்தில்தான். எரிப்பதென்றால் அன்று இங்கிலாந்தில் இரண்டு மருத்துவர்கள் எழுத வேண்டும். வைத்தியம் பார்த்தவர் எழுதுவது பி படிவம். அவருக்குச் சொந்தமோ தொழில் கூட்டாளியோ அல்லாத, பதிவு செய்து ஐந்து வருடமாவது ஆன இன்னொருவர் எழுதுவது சி படிவம். பிறகு தகனக்கூடத்தின் மெடிக்கல் ரெஃபரி இரண்டையும் படித்து அனுமதி கொடுப்பார். புதைப்பதற்கு இவை எதுவும் வேண்டாம். சி படிவத்துக்குத் தனிக் கட்டணம் இருந்தது. ஆஸ்பத்திரிப் பேச்சில் அதற்கு ‘ஆஷ் கேஷ்’, அதாவது சாம்பல் காசு.

சி படிவத்தின் கேள்விகளை வரிசையாகப் படித்தால் ஓட்டை தெரியும். உடலைப் பார்த்தீர்களா? வெளிப்புறத்தைக் கவனமாகச் சோதித்தீர்களா? பி படிவம் எழுதியவரை நேரில் கண்டு விசாரித்தீர்களா? இதற்கெல்லாம் ‘ஆம்’. அடுத்து, இவர்களை விசாரித்தீர்களா என்று நான்கு கேள்விகள்: வேறு மருத்துவர், பணிவிடை செய்தவர் அல்லது சாகும்போது கூட இருந்தவர், உறவினர், மற்ற யாரேனும். நான்குக்கும் ‘இல்லை’ என்று எழுதினாலும் படிவம் செல்லும். அப்படித்தான் எழுதினார்கள். ஆக, விசாரிக்கப்பட்ட ஒரே ஆள் ஷிப்மன். கொல்வதற்காக அவர் ஊசியில் ஏற்றிய, மார்பின் வகை வலிநிவாரணியான டயமார்பினோ, உடலை வெளியே பார்த்தால் தெரியாது.

மகளுக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஒரு போன் போட்டிருந்தால்? உடுத்திய உடையோடு, நாற்காலியில் உட்கார்ந்தபடி, பகல் வேளையில், டாக்டர் வந்துபோன கையோடு சாவு. ஒரே மாதிரியான இந்த விவரம் உறவினர்கள் வாயில் இருந்தது, படிவத்தில் இல்லை. ஆனால் நியாயமும் பேச வேண்டும். தினமும் முகம் பார்க்கிற சக மருத்துவர், ஊரே மெச்சுகிறவர். துக்க வீட்டில் போய் “டாக்டர் எப்போது வந்தார்?” என்று கேட்பது, கேட்கிறவர் எப்படிக் கேட்டாலும், குற்றச்சாட்டாகவே விழும். அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் கேட்டிருப்போமா? மாட்டோம் என்றே நினைக்கிறேன். அந்தப் பதில் வசதியாக இருப்பதுதான் உறுத்தல்.

ரேனால்ட்ஸ் கேட்டார். 1996-இல்தான் அங்கே சேர்ந்தவர், பழகிப்போகாத கண். போலீஸ் ரகசியமாக விசாரித்தது. சுகாதார ஆணையத்தின் மருத்துவ ஆலோசகர் நோயாளிக் குறிப்புகளைப் பார்த்துவிட்டுக் குறையில்லை என்றார்; குறிப்புகளை எழுதியவரே ஷிப்மன்தான். போதை தரும் வலிநிவாரணியான பெத்திடினுக்காகப் பொய்ச் சீட்டு எழுதி 1976-இல் தண்டனை வாங்கியவர் என்பதை யாரும் தேடிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் எரிக்கப்படாத உடல்கள் இறுதிச்சடங்கு நிறுவனத்தில் கிடந்தன. ஒன்றை அறுத்து நச்சுச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் போதும். ஏப்ரலில் கோப்பை மூடினார்கள். அதன்பின் மே, ஜூனில் வினிஃப்ரெட் மெல்லர், ஜோன் மீலியா, கேத்லீன் கிரண்டி என்று மேலும் மூவரைக் கொன்றார் ஷிப்மன்.

2000 ஜனவரி 31 அன்று 15 கொலைகளுக்கு ஷிப்மனுக்கு ஆயுள் தண்டனை. ரேனால்ட்ஸ் அதே ஆண்டு புற்றுநோயில் இறந்தார். நீதிபதி ஜேனட் ஸ்மித்தின் விசாரணைக் குழு கடைசியில் மொத்தத்தைச் சுமார் 250 என்று மதிப்பிட்டது.

சி படிவம் வெற்றுச் சடங்கு என்று சொல்லிவிடலாம். 2022-இல் எடுத்தும் விட்டார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் சாவின் காரணத்தைச் சரிபார்க்கும் மருத்துவரான மெடிக்கல் எக்ஸாமினர், கொரோனரிடம் போகாத எல்லாச் சாவையும் பார்க்கிறார், குடும்பத்தோடு பேசுகிறார். விடுபட்ட கேள்வி அதுதான், சரி. ஆனாலும் ரேனால்ட்ஸ் கையில் 16 என்ற எண் எப்படி வந்தது? அந்த வெற்றுச் சடங்கின் வழியாகத்தான். தடுக்க உதவாத காகிதம் எண்ணுவதற்கு உதவியது. இதை வைத்து அந்தப் படிவத்துக்கு வக்காலத்து வாங்கவும் மனம் வரவில்லை.

கிரண்டியை எரிக்கவில்லை, புதைத்தார்கள். அவருக்கு யாரும் சி படிவம் எழுத வேண்டியிருக்கவில்லை. ஆகஸ்ட் 1 அன்று தோண்டி எடுத்தபோது தொடைத் தசையில் மார்பின் இருந்தது.