மூணு வண்டி, ரெண்டு டிரைவர்

எங்களிடம் மூன்று லாரி இருக்கிறது, டிரைவர் இரண்டு பேர். மூன்றாவது வண்டி கடலூர் முதுநகர் ஷெட்டில் நிற்கிறது. நின்றாலும் அதற்கு வரி உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு, மாதம் பிறந்தால் டியூ உண்டு. அப்பாவைக் கேட்டால் "ஆள் கிடைக்கலம்மா" என்பார். சிப்காட் பக்கம் வண்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதே பல்லவிதான்.

நான் வண்டி ஓட்டுகிறவள் இல்லை, கணக்கு எழுதுகிறவள். டிரிப் ஷீட், டீசல் பில், ஃபாஸ்டேக், டிரைவர் படி, வழிச்செலவு எல்லாம் என் நோட்டில்தான். அதாவது முதலாளி வீட்டுப் பெண். இனி எழுதப்போவதை அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

இருக்கிற இரண்டு பேரில் மூத்தவர் குறிஞ்சிப்பாடிக்காரர். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே எங்களிடம் ஓட்டினார். நடுவில் சில வருஷம் சவூதியில் டிரெய்லர் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்குப் பாப்பா. என் மகளே ஸ்கூலுக்குப் போகிறாள், நான் இன்னும் பாப்பாதான். போன மாதம் போனை நீட்டி, "பாப்பா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. அப்பாகிட்ட இப்போதைக்குச் சொல்லாத" என்றார். லிதுவேனியாவில் லாரி டிரைவர் வேலை. புதுச்சேரியில் ஒரு ஏஜென்ட் அனுப்பிய பிடிஎஃப். மாதம் 2,000 யூரோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சர்வீஸ் சார்ஜ் நாலரை லட்சம். அது மட்டும் வாய்ப்பேச்சு, காகிதத்தில் இல்லை.

மிச்சமிருக்கிற இரண்டு டிரைவரில் ஒருவர் கிளம்புவதற்கான காகிதத்தை நானே படித்துச் சொல்ல வேண்டும். படித்தேன்.

அந்த 2,000-ஐப் பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் பாதிதான். மீதி, வண்டி ஓடுகிற நாளுக்குத் தருகிற படி. கிழக்கு ஐரோப்பிய லாரி கம்பெனிகள் பலவற்றில் இதுதான் வழக்கம். சட்டம் சொல்கிற குறைந்தபட்சக் கூலிக்குப் பக்கத்தில் சம்பளத்தை நிறுத்திவிட்டு, மீதியைப் படியாகக் கொடுப்பார்கள். உடம்புக்கு முடியாமல் படுத்தால் படி இல்லை, ஓய்வூதியக் கணக்கிலும் அது வராது. "நம்மூர்ல மட்டும் என்னவாம்?" என்றார் அண்ணன். வாயடைத்துப் போனேன். எங்களிடமும் மாதச் சம்பளம் பேருக்குத்தான்; வாடகையில் பன்னிரண்டு சதவீதம் என்று கொடுக்கிற படிதான் அவர் வீட்டு அடுப்பு எரிய வைக்கிறது. வண்டி நின்றால் அதுவும் நிற்கும்.

அடுத்து லைசென்ஸ். நம் ஹெவி லைசென்ஸை மட்டும் கொண்டுபோய் அங்கே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட முடியாது. தொழில்முறை ஓட்டுநருக்கென்று தனிப் பயிற்சி, தேர்வு. தேறினால் லைசென்ஸில் 95 என்ற எண்ணைப் பதிவார்கள். அது இல்லாமல் சரக்கு வண்டி இல்லை. அந்தப் பயிற்சிக் காலத்தில் சாப்பாடு யார் செலவு, தங்குவது எங்கே என்று தேடினேன். "பயிற்சிச் செலவு சம்பளத்தில் பிடித்தம்" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. எவ்வளவு, எத்தனை மாதம் என்று இல்லை.

ஏஜென்ட் விஷயம் எளிது. நம் குடியேற்றச் சட்டம் 1983-ல் வந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. நாலரை லட்சம் எங்கே, முப்பதாயிரம் எங்கே! அண்ணன் பத்தாவது தாண்டாததால் அவருடையது இசிஆர் பாஸ்போர்ட், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்க வேண்டிய பாஸ்போர்ட். சவூதி போனபோது குடியேற்ற அனுமதி வாங்கித்தான் விமானம் ஏறினார். ஐரோப்பாவுக்கு அது வேண்டாம். "ஒரு அலைச்சல் மிச்சம்" என்று ஏஜென்ட் சொன்னாராம். தட்டிக்கேட்க இருந்த ஒரு ஆளும் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

லிதுவேனியாக்காரனுக்கு எதற்குக் குறிஞ்சிப்பாடி டிரைவர்? இதைத்தான் பல ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு போகிற லாரிச் சரக்கில் பெரிய பங்கை ஓட்டுவது போலந்து, லிதுவேனியா நம்பர் பிளேட் வண்டிகள். அங்கே கூலி குறைவு, அதனால் வாடகையும் குறைவு. அந்தக் கூலிக்கு அந்த நாட்டு இளைஞர்கள் வராமல் போனதும் உக்ரைன், பெலாரஸ்காரர்களை வைத்து ஓட்டினார்கள். 2022-ல் போர் வந்தது. 18 வயதிலிருந்து 60 வரை உள்ள ஆண்கள் உக்ரைனை விட்டு வெளியேற அப்போது தடை போட்டார்கள். அடுத்து உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான். அங்கிருந்து தேடிக்கொண்டே வந்து இப்போது நம்மிடம் நிற்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆளை மாற்றினார்களே தவிர, கூலியை மாற்றவில்லை.

அண்ணனுக்கு நான் வாசித்துக் காட்டியது ஜெர்மனியில் 2023-ல் நடந்தது. டார்ம்ஸ்டாட் நகரத்துக்குப் பக்கத்தில் கிராஃபென்ஹவுசன் என்று ஒரு நெடுஞ்சாலை ஓய்விடம். மார்ச் மாதம் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் டிரைவர்கள் அறுபது பேர் வாக்கில் அங்கே வண்டியை வரிசையாக நிறுத்திவிட்டு, சம்பள பாக்கி வந்தால்தான் சாவி என்று உட்கார்ந்துவிட்டார்கள். போலந்துக்கார முதலாளி என்ன செய்தார் தெரியுமா? புனித வெள்ளி அன்று கவச வண்டியும் கூலிக்குப் பிடித்த காவல் படையுமாக வந்து இறங்கினார், லாரிகளைப் பிடுங்கிக்கொண்டு போக. ஜெர்மன் போலீஸ் நடுவில் புகுந்து அவர்களைப் பிடித்தது. ஏப்ரல் கடைசியில் மூன்று லட்சம் யூரோவுக்கு மேல் பாக்கி கைக்கு வந்தது. ஜூலையில் அதே இடத்தில் மறுபடியும், இந்த முறை உண்ணாவிரதம் வரை போய் செப்டம்பர் கடைசியில்தான் முடிந்தது. சப்ளை செயினில் தொழிலாளர் உரிமையைக் கவனிக்கச் சொல்லும் ஜெர்மன் சட்டம் அந்த வருஷம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. வண்டிக்குள் இருந்த சரக்கு யாருடையது என்ற கேள்வி பெரிய கம்பெனிகள் வரை போனது.

முழுக்கக் கேட்டுவிட்டு அண்ணன் கேட்ட ஒரே கேள்வி: "அத்தனை நாளும் குளிக்கிறதுக்கு என்ன பண்ணாங்க?"

டிரைவர் கேட்கிற கேள்வி அது. 2021 செப்டம்பரில் இங்கிலாந்தில் லாரி டிரைவர் பற்றாக்குறையில் பெட்ரோல் பங்க்குகள் காலியாகி கார்கள் வரிசையில் நின்றன. டேங்கரை ஓட்ட ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டு லாரி டிரைவர்களுக்கு 5,000 தற்காலிக விசா என்று அரசு அறிவித்தது, முதலில் சொன்ன கெடு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வரைக்கும்தான். மூன்று மாதத்துக்கு யார் வீட்டைக் காலி செய்துகொண்டு போவார்கள்? எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பிறகு கெடுவை நீட்டினார்கள். ஆனால் நிலைமை சீரானதற்கு வேறு காரணங்கள்: கம்பெனிகள் கூலியை ஏற்றின, அரசு உள்ளூரில் லைசென்ஸ் தேர்வுகளை அதிகப்படுத்தியது. லாரி நிறுத்துமிடங்களில் கழிப்பறை, குளியலறை வசதிக்கென்று அந்த வருஷ பட்ஜெட்டில் 3.25 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். கடலூரிலிருந்து நாகப்பட்டினம் வரை ரோட்டோரம் டிரைவர் குளிக்க நல்ல இடம் எத்தனை இருக்கிறது என்று அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், விரலை மடக்கவே மாட்டார்.

இவர்களில் கொஞ்சம் மாறி நடந்தது ஜப்பான். லாரி டிரைவருக்கு ஓவர்டைம் வருஷத்துக்கு 960 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2024 ஏப்ரலிலிருந்து வரம்பு வைத்தார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் அந்த வருஷமே சரக்கில் 14 சதவீதத்தையும், 2030-ல் 34 சதவீதத்தையும் ஏற்றிப்போக ஆள் இருக்காது என்று அரசே கணக்குப் போட்டது. தெரிந்தே வைத்த வரம்பு. அதை ஒட்டித்தான் பஸ், டாக்ஸி, லாரி மூன்றுக்கும் சேர்த்து ஐந்து வருஷத்தில் 24,500 வெளிநாட்டவர் வரை எடுக்கலாம் என்று விசாவைத் திறந்தார்கள். நம் மாதிரி இடது பக்கம் ஓட்டுகிற நாடு, அது ஒரு வசதி. ஆனால் லாரிக்கு அடிப்படை ஜப்பான் மொழித் தேர்வு தேற வேண்டும், ஐந்து வருஷம்தான் இருக்கலாம், குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. "இந்த வயசுல அ, ஆவன்னாவா? நம்ம தம்பிப் பசங்களுக்குச் சொல்லு" என்று ஒதுக்கிவிட்டார்.

ஜப்பான் கதையில் என் கண்ணில் நின்றது இன்னொன்று. 2023 ஜூனில் அரசு ஒரு வழிகாட்டுதல் போட்டது: சரக்கு ஏற்றி இறக்கவும் அதற்காகக் காத்திருக்கவும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். பொறுப்பு சரக்குக்காரர் மேலும் உண்டு.

இதைப் படித்த அன்றே எங்கள் டிரிப் ஷீட்டுகளை எடுத்துப் பரப்பினேன். பேர் வேண்டாம், இந்த வட்டாரத்து ஆலைதான். சாயங்காலம் வாசலில் வரிசை போட்டால் மறுநாள் மதியம் லோடு ஏறுகிறது. இறக்குகிற இடத்திலும் அதே கதை. வண்டி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். நின்றதற்கு ஹால்டிங் என்று வாடகை ரசீதில் ஒரு கட்டம் அச்சடித்தே இருக்கிறது. வருஷக்கணக்காக அதில் நான் ஒரு கோடு போட்டு வந்திருக்கிறேன். 1961-லேயே மோட்டார் தொழிலாளர் சட்டம் போட்டார்கள், நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்று. ஆனால் ஐந்து பேராவது வேலை செய்த இடத்துக்குத்தான் அது பொருந்தியது. எங்களைப் போன்ற மூணு வண்டிக்காரர்கள் அந்த வாசலுக்கே போனதில்லை.

"நம்ம பசங்க ஓட்ட வரமாட்டேங்கிறாங்க" என்று அப்பா சொல்வதில் பாதி உண்மை. முன்பு டிரைவர் எப்படி உருவானார்? கிளீனராக ஏறுவான், தார்ப்பாய் கட்டுவான், ஸ்டெப்னி மாற்றுவான், ராத்திரியில் டிரைவர் தூங்காமல் இருக்கப் பேச்சுக் கொடுப்பான். ஆளில்லாத ரோட்டில் ஒரு நாள் ஸ்டியரிங் கைக்கு வரும். அப்பாவே அப்படி வந்தவர். டீசல் ஏற ஏற, வாடகை ஏறாததால் கிளீனரை நிறுத்தினோம். எல்லா ஓனரும் நிறுத்தினார்கள். நாற்றங்காலை மூடிவிட்டு நடவுக்கு ஆளைத் தேடுகிறோம். டிரைவர் இப்போது தனியாகப் போகிறார், தனியாகத் தூங்குகிறார், டீசல் திருட்டுக்குப் பயந்து அரைத் தூக்கம். இந்த வேலைக்குப் பெண் கொடுப்பார்களா? நானே என் மகளுக்குப் பார்ப்பேனா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு நடுவில் ஜார்க்கண்ட் பையன் ஒருவனைப் போட்டோம். நல்ல கை. போர்டு படிக்கத் தெரியாமல் போன் மேப்பை வைத்தே ஓட்டினான். அவனுக்கும் ஆலை வாசலில் அதே ராத்திரிதான். ஹோலிக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. குஜராத்தில் கன்டெய்னர் ஓட்டுகிறானாம்.

போன டிரிப்பில் ஹால்டிங் கட்டத்தில் முதல் முறையாக ஒரு தொகை எழுதி அனுப்பினேன். புக்கிங் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "என்ன பாப்பா, புதுசா இருக்கு? இப்படிப் போட்டா அடுத்த லோடு வேற வண்டிக்குப் போயிடுமே." அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார். "போனா போகட்டும்ணே, மூணாவது வண்டியை ஓட்டவே எனக்கு ஆள் இல்ல" என்றேன். கேட்டதில் பாதி வந்தது. அண்ணன் கணக்கில் சேர்த்தேன். அப்பா அதைப் பற்றி இன்னும் பேசவில்லை.

லிதுவேனியா ஏஜென்டிடம் பதிவு எண் கேட்டோம். முதலில் நாளைக்கு என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. அதற்காக அண்ணன் விட்டுவிடவில்லை. மகளுக்கு நர்சிங் சீட்டு, வீட்டுக்குத் தளம் போட வேண்டும், எங்கள் பன்னிரண்டு சதவீதத்தில் இரண்டும் நடக்காது என்று என் நோட்டே சொல்கிறது. நேற்று இன்னொரு பிடிஎஃப் அனுப்பியிருக்கிறார், இது போலந்து. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "பாப்பா, பேசிக் எவ்வளவு, படி எவ்வளவுன்னு தனித்தனியா எழுதச் சொல்லி வாங்கியிருக்கேன். பிடித்தம் மட்டும் புரியல, பார்த்துச் சொல்லு."