சிட்டி கோல்ஃப் காரில் கால் மைல் பந்தயம் ஓட டயர் வாங்கும் முன்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும், ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் காரின் டர்போவுக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பவர்கள்கூட, டயர் என்று வந்ததும் கையை இழுத்துக்கொள்கிறார்கள். இருக்கிற சக்தி தரையில் இறங்குவது அந்த இரண்டு முன்சக்கரங்கள் வழியாகத்தான்.

இணையத்தில் கிடைக்கும் பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தம்) கணக்குகளில் பெரும்பாலானவை பின்சக்கரம் இழுக்கும் அமெரிக்கக் கார்களுக்கானவை. அவற்றை அப்படியே எடுக்காதீர்கள். கிளம்பும்போது எடை பின்னால் போகும். அவர்களுக்கு அது லாபம், நமக்கு நஷ்டம்.

கியர் வண்டியில் கிளட்சைச் சட்டென்று விட்டுக் கிளம்புபவர்களுக்கு என் பரிந்துரை பயஸ் ஸ்லிக், அதாவது பள்ளமே இல்லாத, பக்கச்சுவர் இளகிய பந்தய டயர். அதன் பக்கச்சுவர் சுருங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்; முன்சக்கரத்துக்குச் சக்தியைக் கடத்தும் சிவி ஜாயின்ட் பிழைக்கும். டிராக் ரேடியல் (கால் மைல் பந்தயத்துக்கான ரேடியல் டயர்) அவ்வளவு இளகாது, ஒருமுறை வழுக்கினால் மறுபடி பிடிப்பது கஷ்டம். ஆனால் ஸ்லிக்கோடு ரோட்டில் போக முடியாது. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி குறைந்தது 1 மி.மீ. பள்ளம் வேண்டும். அதே டயரில் வீடு திரும்ப வேண்டுமானால் ரோட்டுக்கு அனுமதியுள்ள டிராக் ரேடியல்தான் வழி.

அளவு பார்ப்போம். 22.0/8.0-13 என்றால் உயரம் 22 அங்குலம், தரை படும் அகலம் 8, ரிம் 13. கோல்ஃபின் 175/70 ஆர்13 டயர் ஏறக்குறைய 22.6 அங்குலம். எனவே 22 போட்டால் கியர் கிட்டத்தட்ட 3 சதவீதம் குட்டையாகும். கிளம்புவதற்கு நல்லது, ஆனால் முடிவுக் கோட்டுக்கு முன்பே ஆர்பிஎம் முடிந்துவிடுகிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி, ஃபெண்டரிலும் ஸ்ட்ரட்டிலும் உரசுகிறதா என்பதையும் வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

ஸ்லிக்குக்கு 16 பிஎஸ்ஐயில் தொடங்கி, ஓட்டத்துக்கு ஒன்றாகக் குறைத்து, முதல் 60 அடி நேரத்தை எழுதி வையுங்கள். நேரம் குறைவது நின்றதும் நீங்களும் நிறுத்துங்கள். தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சத்துக்குக் கீழே போகவே கூடாது. பின்சக்கரங்களில் 40 பிஎஸ்ஐ இருக்கட்டும், லேசாக உருளும்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. டர்பன் கடல் மட்டம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். டர்பனில் 14 வைத்த டயரை ஏற்றிக்கொண்டு மேலே போனால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், அதே வெப்பநிலையில் கேஜ் 16-ஐத் தாண்டிக் காட்டும். வீட்டில் வைத்த அழுத்தத்தை நம்பாமல், பந்தயத் தளத்தில், நிழலில், டயர் ஆறியிருக்கும்போது வையுங்கள்.

பர்ன்அவுட்டுக்கு, அதாவது நின்றபடியே சக்கரத்தைச் சுழற்றி டயரைச் சூடாக்குவதற்கு, கோல்ஃப் வசதியான வண்டி, ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். ஸ்லிக் என்றால் தண்ணீர் ஊற்றிய இடத்தைத் தாண்டி வந்து, மெல்லிய புகை எழுந்ததும் விட்டுவிடுங்கள். ரேடியலைத் தண்ணீரில் இறக்க வேண்டாம், பள்ளங்கள் தண்ணீரைக் கிளம்பும் கோடுவரை சுமந்து வரும்.

கிளம்பும்போது முன்பக்கம் தடதடவென்று குதித்தால் உடனே காலை எடுங்கள், அடுத்து உடைவது சிவி ஜாயின்ட். எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அழுத்தத்தைப் பிறகு மாற்றலாம்.

டயரிலிருந்து ரிம்வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓட்டம் முடிந்து வரும்போது கோடு விலகியிருந்தால் டயர் ரிம்மில் வழுக்குகிறது. டியூப் போட்டிருந்தால் வால்வையே பிய்த்துவிடும். காற்றைக் கூட்டுங்கள், அல்லது ரிம்மில் திருகு போடத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.