பாஸ்டனை மூன்று வாரம் நடத்திப் பார்த்தேன்

2025 மே கடைசியில் நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது: “பாஸ்டன் காலியா இருக்கு. எடுத்துக்கிறியா?”

ஏன் காலியாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. பாஸ்டன் செல்ட்டிக்ஸ் என்ற புகழ்பெற்ற கூடைப்பந்து அணி அது; பெயரைப் பார்த்ததுமே எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நாங்கள் முப்பது பேர். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் பருவம் முடியும் தறுவாயில் ஆளுக்கு ஓர் அணியை எடுத்துக்கொண்டு, நிஜ மேலாளர்கள் அந்தக் கோடையில் செய்யப்போகும் வேலையை முன்கூட்டியே செய்து பார்ப்போம். பந்து கிடையாது, ஆட்டம் கிடையாது. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது, அவ்வளவுதான். ஆனால் எல்லாம் 2023இல் நடைமுறைக்கு வந்த கூட்டு ஒப்பந்தத்தின் விதிப்படி. ஃப்ரீ ஏஜென்டுகளுக்காக, அதாவது ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்காக, இரண்டு பேர் ஏஜென்ட் வேடம் போடுவார்கள். லீக் அலுவலகமாக ஒருவர் இருப்பார். அவர் தொழிலில் தணிக்கையாளர். விளையாட்டுக்குக்கூட ஒரு டாலரை விட்டுக்கொடுக்க மாட்டார்.

அதற்கு முந்தைய இரண்டு கோடைகளிலும் நான் நடத்தியது இழக்க ஒன்றுமில்லாத இளம் அணிகளை. சம்பளக் கணக்கில் இடமும் இருந்தது, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையான பிக்கும் இருந்தது. எது செய்தாலும் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இந்த முறை 2024 சாம்பியன். மே 12 அன்று நியூயார்க்கில் அணியின் நட்சத்திரம் ஜேசன் டேட்டத்தின் குதிகால் தசைநார் அறுந்ததும், அதுவரை பாஸ்டனை வைத்திருந்தவர் “எனக்கு வேலை அதிகம்” என்று கழன்றுகொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் இரவு எக்செல் தாளைத் திறந்து 2025-26க்கான சம்பளங்களை வரிசையாக அடித்தேன். டேட்டம் 54.1 மில்லியன் டாலர். ஜேலன் பிரவுன் 53.1. ஜ்ரூ ஹாலிடே 32.4. போர்ஸிங்கிஸ் 30.7. டெரிக் வைட் 28.1. சாம் ஹவுசர் 10. பிரிட்சர்ட் 7.2. ஏழே பேர், ஏறத்தாழ 216 மில்லியன். சின்னச் சம்பளக்காரர்களையும் 28ஆவது பிக்கையும் சேர்த்தால் 228.

அந்தப் பருவத்துக்கு அணியின் சம்பள உச்சவரம்பு 154.6 மில்லியன். சம்பளம் மிகக் கூடினால் அணி கட்டும் சொகுசு வரி 187.9இல் தொடங்கியது. அதற்கு மேல், தாண்டினால் கட்டுப்பாடுகள் இறுகும் இரண்டு கோடுகள்: முதல் ஏப்ரன் 195.9, இரண்டாம் ஏப்ரன் 207.8. நான் எல்லாக் கோடுகளுக்கும் மேலே உட்கார்ந்திருந்தேன். அதில் 54 மில்லியன் வாங்குபவர் அடுத்த பருவத்தில் பெரும்பாலும் ஆடப்போவதில்லை.

இதெல்லாம் தெரிந்தும் மறுநாள் காலை நான் செய்த முதல் காரியம், ஒரு நட்சத்திர சென்டரை, அதாவது கூடைக்கு அருகே நிற்கும் உயரமான ஆட்டக்காரரைக், கேட்டுப் பேரம் பேசியது. போர்ஸிங்கிஸையும் ஹவுசரையும் சேர்த்துக் கொடுத்தால் சம்பளம் ஒத்துப்போகிறது என்று நினைத்தேன். எதிர்முனைக்காரரும் ஒப்புக்கொண்டார். இருவரும் குதூகலமாக லீக் அலுவலகத்துக்கு அனுப்பினோம். பத்து நிமிடத்தில் பதில்: “இரண்டு சம்பளத்தைக் கூட்டிக் காட்ட உங்களுக்கு அனுமதி இல்லை. நிராகரிக்கப்பட்டது.”

இரண்டாம் ஏப்ரனின் வேலை அதுதான். வீரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேட் முடிந்த பிறகும் அந்தக் கோட்டுக்கு மேலேயே இருக்கும் அணி இரண்டு பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்க முடியாது. கொடுப்பதைவிட ஒரு டாலர்கூட அதிகமாகத் திரும்ப வாங்க முடியாது. ட்ரேடில் ரொக்கம் வைக்க முடியாது. வரி கட்டும் அணிகளுக்கென்று இருக்கும் சிறிய மிட்-லெவல் சலுகையும், அதாவது உச்சவரம்பைத் தாண்டியும் வெளியாள் எடுக்கும் சலுகையும், கிடையாது. பருவ முடிவில் கோட்டுக்கு மேலே இருந்தால் ஏழு வருடம் தள்ளியிருக்கும் முதல் சுற்று பிக் உறைந்துபோகும். பாஸ்டனுக்கு 2032 பிக் ஏற்கெனவே உறைந்திருந்தது. பணக்கார முதலாளி எவ்வளவு வேண்டுமானாலும் செலவழித்துக்கொள்ளட்டும், ஆனால் அணியைக் கட்டும் கருவிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடுவோம் என்பதுதான் அந்த விதியை எழுதியவர்களின் எண்ணம். கெட்டிக்காரத்தனமான விதி. அதன் அடியில் மாட்டிக்கொண்டவனாகச் சொல்கிறேன்.

அன்று மாலை இன்னொரு அசட்டு நம்பிக்கை. காயம்பட்டு பருவம் முழுக்க ஆட முடியாதவருக்குப் பதிலாக ஆள் எடுக்க ஒரு விதிவிலக்கு உண்டு. டேட்டம் கணக்கில் எனக்கு 14.1 மில்லியன் வரை வரும். ஒரு மணி நேரம் பட்டியல் போட்டு ஆள் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த விதிவிலக்கு எடுக்க அனுமதிக்கிறதே தவிர, எடுப்பவரின் சம்பளம் என் 228இன் மேல்தான் ஏறி உட்காரும்.

அப்போதுதான் வரியைக் கணக்கிட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு. கடந்த நான்கு ஆண்டுகளில் மூன்றில் வரி கட்டிய அணி தொடர் மீறல் அணி. அதற்குத் தனி விகிதம். வரிக்கோட்டைத் தாண்டிய முதல் 5.7 மில்லியனுக்கு டாலருக்கு 3 டாலர், அடுத்த படிக்கு 3.25, அதற்கடுத்து 5.50, பிறகு 6.75, அதற்கு மேல் படிக்கு அரை டாலராக ஏறும். 228 மில்லியன் சம்பளத்துக்கு வரி மட்டும் 240 மில்லியனை ஒட்டி வந்தது. நான் நின்ற உயரத்தில் புதிதாக ஒரு டாலர் சம்பளம் தந்தால் வரியாக எட்டு டாலருக்கு மேல் போகும். பெஞ்சின் கடைசியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருபவர்கூட இருபது மில்லியன் டாலர் சமாசாரம்.

ஆகவே தேடுவதை விட்டுவிட்டு விற்க இறங்கினேன். ஹாலிடேயா, போர்ஸிங்கிஸா?

ஹாலிடேக்கு 35 வயது. மூன்று வருடத்துக்கு 104 மில்லியன் பாக்கி. ஆனால் அவர் காவல் காக்கும் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு மனசு வராது. டல்லாஸை நடத்தியவர் ஆசையாகக் கேட்டார். கைரி இர்விங் முழங்கால் காயத்தில் இருந்ததால் அவருக்குப் பந்தை நடத்த ஆள் தேவை. இரண்டு நாள் பேசினோம். மூன்றாம் நாள் அவரே வந்து, “என் சம்பளக் கூரை இடிக்குது, மன்னிச்சுக்கோ” என்றார். என் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, எதிராளிக்கும் கோடுகள் இருக்கும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதன்பின் யாரிடம் பேசுவதற்கு முன்பும் அவர்கள் தாளை முதலில் பார்க்க ஆரம்பித்தேன்.

பிறகு போர்ட்லேண்டுக்காரர் வந்தார். “ஹாலிடேயைக் கொடு, ஆன்ஃபெர்னி சைமன்ஸைத் தரேன். ஒண்ணுக்கு ஒண்ணு.” சைமன்ஸுக்கு 27.7 மில்லியன். எனக்கு மிச்சம் 4.7 தான். “அண்ணா, எனக்கு இருபது குறையணும், நீங்க நாலரை தரீங்க” என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டேன். அவர் ஒருமுறை கேட்டார்: “அடுத்த வருஷத்தையும் பாத்தியா?” பார்க்கவில்லை. என் தாளில் ஒரே ஒரு வருடத்துக்குத்தான் நெடுவரிசை இருந்தது.

சரி, போர்ஸிங்கிஸ். ஒரு வருட ஒப்பந்தம்தான் மிச்சம். ஏழடிக்கு மேல் உயரம், மூன்று புள்ளி எறிவார். ஆனால் பிளேஆஃப் முழுக்க உடல்நலமின்றித் தடுமாறியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பதிலுக்கு யாரையும் அனுப்பாமல் அவரை ஏற்றுக்கொள்ளும் அளவுக்குக் காலியிடம் வைத்திருந்தது அந்தக் கோடையில் ஒரே அணி, புரூக்ளின். என்னைப் போலச் சுமை இறக்க வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரே வாசலில் வரிசையில் நின்றோம். வாசல்காரருக்கு அது நன்றாகத் தெரியும்.

“ரெண்டு முதல் சுற்று பிக்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொடுக்க என்ன இருக்கிறது என்று பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. 2032 உறைந்துவிட்டது. 2029 பிக்கை, ஹாலிடேயை வாங்கியபோதே பாஸ்டன் போர்ட்லேண்டுக்குக் கொடுத்துவிட்டது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகள் கையில் இல்லாத நிலைக்கு ஓர் அணி போகக்கூடாது என்பது விதி. எண்பதுகளின் தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் முதலாளியாக இருந்த டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்த அழகைப் பார்த்து லீக் போட்ட பூட்டு அது. இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஆக 2029 போனதால் 2028ஐயும் 2030ஐயும் தொட முடியாது. மிஞ்சியது 2026, 2027, 2031. அவர் 2031 கேட்டார். அப்போது இந்த அணி எந்த நிலையில் இருக்குமோ யாருக்குத் தெரியும்? 2027இல் டேட்டம் திரும்பியிருப்பார், பிக் கடைசி வரிசையில்தான் விழும் என்று கணக்குப் போட்டு அதைக் கொடுக்க முன்வந்தேன். நான்கு நாள் இழுத்தோம். ஐந்தாம் நாள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் உள்ளே போகப்போகிறார் என்று காற்றுவாக்கில் காதில் விழுந்தது. உடனே கையெழுத்துப் போட்டேன். அந்தச் செய்தியைப் பரப்பியவர் புரூக்ளின்காரரேதான் என்பது என் சந்தேகம். இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

சம்பளம் 197க்கு இறங்கியது. இரண்டாம் ஏப்ரனுக்குக் கீழே பத்து மில்லியன் இடம். பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் லூக் கார்னெட்டின் ஏஜென்ட் வந்தார்.

இதைத்தான் நான் அதிகம் பேச வேண்டும். கார்னெட் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஆடிக்கொண்டிருந்த சென்டர். இன்னொரு சென்டரான ஹார்ஃபோர்டுக்கு வயதாகிவிட்டது, போர்ஸிங்கிஸை நானே அனுப்பிவிட்டேன், எனவே கார்னெட் கட்டாயம் வேண்டும். லேரி பேர்டின் பெயரில் வழங்கும் உரிமை என்னிடம் முழுதாக இருந்தது. உச்சவரம்பைத் தாண்டியும் என் சொந்த ஆளுக்குச் சம்பளம் தரலாம். 2023 சாம்பியன் டென்வருக்கு இந்த வசதி இல்லை. புரூஸ் பிரவுன் அங்கே ஒரே வருடம்தான் ஆடியிருந்தார், அதனால் பழைய சம்பளத்துக்கு மேல் இருபது சதவீதம்தான் ஏற்றித் தர முடியும், எட்டு மில்லியனைக்கூடத் தொடாது. இந்தியானா இரண்டு வருடத்துக்கு 45 மில்லியன் நீட்டியது. அவர் போய்விட்டார். டென்வருக்கு வாசல் பூட்டியிருந்தது. எனக்கு வாசல் விரியத் திறந்திருந்தது, நடக்கத்தான் தெம்பில்லை.

ஏஜென்ட் கேட்டது வருடத்துக்குப் பத்து. பத்தைக் கொடுத்து, மிச்ச இடங்களைக் குறைந்தபட்சச் சம்பளக்காரர்களால் நிரப்பினால் 212. மறுபடி ஏப்ரனுக்கு மேல். ஹவுசரை எங்காவது சும்மா தள்ளிவிட்டால் சரியாகும், இருவருக்கும் ஏறத்தாழ ஒரே சம்பளம். ஒருவர் எறிபவர், ஒருவர் கூடையைக் காப்பவர். அன்றிரவு தாளில் ஹவுசரை அழித்து கார்னெட்டைப் போட்டேன். பிறகு கார்னெட்டை அழித்து ஹவுசரைப் போட்டேன். பலமுறை. ஹவுசரைத் தள்ளவும் யாருக்காவது பிக் தர வேண்டும், என்னிடம் தர மனமில்லை. கடைசியில் ஏஜென்டுக்கு எழுதினேன்: “சார், அவர் கேக்கறது நியாயம்தான். என்னால முடியல.”

ஹார்ஃபோர்டும் போனார். மூன்று குறைந்தபட்ச ஒப்பந்தங்களைப் போட்டு இடத்தை நிரப்பினேன். அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. சம்பளம் 204, வரி 60 மில்லியன் சொச்சம். ஜூன் 21 அன்று முப்பது அணிகளின் பட்டியலையும் எல்லோரும் பார்க்க வைத்தார்கள். என் பட்டியலில் சென்டர் என்று சொல்லத்தக்கவர் நீமியாஸ் குவேட்டா ஒருவர்தான். “கூடைக்குக் கீழ யார் நிப்பாங்க, நீயா?” என்று புரூக்ளின்காரர் கேட்டார். போர்ஸிங்கிஸை வைத்துக்கொண்டு அவர் கேட்பது எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஃபைனல்ஸ் முடிந்தது. அதற்கு மறுநாளே நிஜ பாஸ்டன் தொடங்கிவிட்டது. முதல் செய்தி: ஹாலிடே போர்ட்லேண்டுக்கு, சைமன்ஸ் பாஸ்டனுக்கு. நான் நாலரை என்று சிரித்த அதே ட்ரேட். சைமன்ஸின் ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் மிச்சம். 104 மில்லியன் கடன் 27.7 ஆகச் சுருங்கிவிட்டது. என் தாளில் இல்லாத அடுத்த இரண்டு நெடுவரிசைகளில்தான் லாபம் முழுவதும் இருந்தது. நானோ ஹாலிடேயை 2028 வரை தலையில் வைத்துக்கொண்டு சாமர்த்தியமாக நடந்ததாக நினைத்திருந்தேன். போர்ட்லேண்டுக்காரர் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினார். கூட ஒரு சொல்கூட எழுதவில்லை.

அடுத்து போர்ஸிங்கிஸ் அட்லாண்டாவுக்குப் போனார். பதிலுக்கு 8.2 மில்லியன் வாங்கும் ஜார்ஜஸ் நியாங்கும் ஒரு இரண்டாம் சுற்று பிக்கும் பாஸ்டனுக்கு வந்தன. முதல் சுற்று பிக்கைக் கொடுத்து நான் தள்ளிவிட்டவரை, அவர்கள் ஒரு பிக் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கார்னெட்டையும் ஹார்ஃபோர்டையும் அவர்களாலும் பிடிக்க முடியவில்லை; கார்னெட் சான் அன்டோனியோவுக்கு, நான்கு வருடம், 41 மில்லியன். அந்த ஒரு செய்தியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

அக்டோபரில் பருவம் தொடங்கியபோது நிஜ பாஸ்டனின் சென்டராக நின்றது நீமியாஸ் குவேட்டா. ஆட்டத்தின் நடுவே அவர் கூடைக்குக் கீழே நிற்கும் ஒரு படத்தைப் பிடித்து புரூக்ளின்காரருக்கு அனுப்பினேன். நானும் கூட ஒன்றும் எழுதவில்லை.