கென்னட் லேன்ல ஒரு வைகாசி பௌர்ணமி

குரோம்பேட்டைல டிரெயின் ஏறினா எழும்பூருக்கு முக்கால் மணி நேரம் கூட ஆகாது, இதப் போய் பயணம்னு எழுதணுமான்னு தோணும், ஆனா போன வருஷம் பங்குனில அம்மா போனதுக்கு அப்புறம் ஆபீஸ், கடை, பேங்க்னு இல்லாம எனக்காகன்னு நான் கெளம்பிப் போனது ரெண்டே எடம்தான். ஒண்ணு திருநீர்மலை. இன்னொண்ணு எழும்பூர் ஸ்டேஷன் பக்கத்துல கென்னட் லேன்ல இருக்கிற புத்த விகாரம். ரெண்டயும் சேத்துத்தான் எழுத முடியும்.

அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தையப் பத்திச் சொல்லிடுறேன். துக்கம். புத்தர் சாரநாத்துல அஞ்சு பேருக்குச் சொன்ன மொத பேச்சுலயே இது வருது. பொறக்கிறது துக்கம், மூப்பு துக்கம், நோய் துக்கம், சாவு துக்கம், புடிக்காததோட சேர்றது, புடிச்சதப் பிரியறது, ஆசப்பட்டது கெடைக்காம போறது எல்லாமே துக்கம்னு போகும். இங்கிலீஷ்ல இந்த ஒத்த வார்த்தைய எப்படி மொழிபெயர்க்கிறதுன்னு பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்காங்க. நம்ம தெருவுல யாருக்கும் அத வெளக்க வேணாம். துக்க வீடுன்னா வாசல்ல சாமியானா, வாடகை சேர், உள்ள ஃப்ரீசர் பாக்ஸ், தலமாட்டுல வெளக்கு, அவ்வளவுதான். பாலி மொழில இருக்கிற அதே வார்த்தைதான் நம்ம வாய்லயும் இருக்கு, ஆனா நம்ம துக்கத்துக்கு ஒரு செத்தவங்களோட முகம் இருக்கு.

துக்கம் விசாரிக்கிறதுன்னு ஒண்ணு நம்மகிட்ட இருக்கு பாருங்க, அதப் பத்தி இந்த ஒரு வருஷமா நெறைய யோசிச்சுட்டேன். பதினாறு நாளும் வந்தவங்க எல்லாரும் கேட்டதையே கேட்டாங்க, எப்படிப்பா ஆச்சு, எத்தன நாள் ஆஸ்பத்திரி, கடைசியா என்ன சாப்ட்டாங்க, உன்ன அடையாளம் தெரிஞ்சுதா. நானும் சொன்னதையே சொன்னேன். அப்ப அது எரிச்சலா இருந்துச்சு. காரியம் முடிஞ்ச மறுநாள்ல இருந்து ஒருத்தரும் கேக்கல, அப்பத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரிஞ்சுது. பத்தொம்போது நாள் ஐசியூ, அதுல பதிமூணு நாள் வென்டிலேட்டர். அதுல ஒண்ணு மட்டும் யார்கிட்டயும் நான் சொல்லல, யாரும் அதக் கேக்கவும் இல்ல.

ஐப்பசில கூட வேல பாக்குற ஒருத்தர் சொல்லித்தான் திருநீர்மலை பக்கம் இருக்கிற தம்ம சேதுங்கற தியான மையத்துல பத்து நாள் விபாசனா தியான கோர்ஸுக்குப் போனேன். தங்குறது, சாப்பாடு எதுக்கும் காசு கெடையாது, கோர்ஸ் முடிச்சவங்க மட்டும்தான் தானம் குடுக்கலாம், சமையல்கட்டுல நிக்கிறவங்களும் முன்னாடி உக்காந்து எழுந்தவங்கதான். மொபைல வாங்கி வச்சுருவாங்க, பேசக் கூடாது, சைகை கூடக் கூடாது, காலைல 4 மணிக்கு மணி அடிக்கும், புதுசா வந்தவங்களுக்கு சாயங்காலம் 5 மணிக்கு டீயும் பழமும், ராத்திரி சாப்பாடு இல்ல. மொத மூணு நாள் மூக்குக்குக் கீழ மூச்சு வந்து போற எடத்த மட்டும் கவனிக்கணும். நாலாவது நாள்ல இருந்து தலைல ஆரம்பிச்சு கால் வரைக்கும் ஒடம்புல என்னென்ன தெரியுதோ அதப் பாத்துட்டே போகணும், தெனம் மூணு தடவ ஒரு மணி நேரம் கை கால அசைக்காம உக்காரணும். ராத்திரி, இந்த கோர்ஸ சொல்லிக் குடுத்த கோயங்காவோட உரைய தமிழ்ல போடுவாங்க. 1924ல மாண்டலேல பொறந்த வியாபாரி அவர், ஒத்தத் தலவலி தாங்க முடியாம ஊபாகின்ங்கற தியான ஆசிரியர்கிட்ட போனவர். வலியிலதான் அவரும் ஆரம்பிச்சாருங்கறது எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுச்சு.

ஆறாம் நாள் மதியம் உக்காந்திருந்தப்ப எடது முட்டில ஆணி அடிச்ச மாதிரி வலி. வலியப் பாருங்க, அது மாறும், அனிச்சா, அனிச்சா, அதாவது எதுவும் நிலையில்லன்னு குரல் வருது. எனக்கு அழுகையும் கோவமும் சேந்து வந்துச்சு. அம்மா வலில துடிச்சப்ப நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன், இப்ப என் வலியையும் பாத்துட்டே இருன்னா இது என்ன போதனை? மறுநாள் 12 மணிக்கு ஆசிரியர்கிட்ட தனியா சந்தேகம் கேக்கற நேரத்துல போய் இதையே கேட்டுட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "உங்க அம்மா வலி உங்களுக்குத் தெரியாது சார், தெரிஞ்சுக்கவும் முடியாது, அதப் பாத்து நீங்க பட்டதுதான் உங்களுது, அதுவும் இன்னும் முடியல, போய் உக்காருங்க"ன்னார். ரெண்டு நாள் அவர் மேல கோவமாவே இருந்தேன். ஆனா போய் உக்காந்தேன்.

பத்தாவது நாள் பேச்சத் தொறந்து விட்டாங்க, மரத்தடில ஆம்பளைங்க எல்லாரும் ஒரே நேரத்துல பேசினோம். அம்பத்தூர்ல லேத் வச்சிருக்கிறவர் பத்து நாளும் கடன் ஞாபகமாவே இருந்துச்சுன்னார், மூக்கு நுனில மட்டும்தான் கடன்காரன் வரலயாம். சோழிங்கநல்லூர்ல வேல பாக்குற தம்பி ஒருத்தன் சொன்னது இன்னும் மனசுல நிக்குது. "ஆபீஸ்ல எல்லாரும் பாசிட்டிவா இரு பாசிட்டிவா இருன்னே சொல்றாங்கண்ணா, துக்கம் இருக்குன்னு ஒருத்தர் மைக்ல சொல்லிக் கேட்டதே எனக்குப் பாதி பாரம் கொறஞ்ச மாதிரி இருக்கு." துக்கம் துக்கம்னு சொன்னா மனுஷன் சோர்ந்து போயிடுவான்னுதான் நான் நெனச்சிருந்தேன், இவனுக்கு அப்படியே நேர்மாறா வேல செஞ்சிருக்கு.

இப்ப எழும்பூர். வைகாசி பௌர்ணமி அன்னிக்கு லீவு போட்டுட்டு மொதல்ல பாந்தியன் ரோடு மியூசியம் போனேன், விகாரத்துக்கு மதியத்துக்கு மேல போனாப் போதும்னு. அமராவதி கல்லுங்க இருக்கிற எடத்துல வட்டமா ஒரு சிற்பம் இருக்கு, மதம் புடிச்சு வந்த நளகிரிங்கற யானைய புத்தர் அடக்கினது. ஒரே வட்டத்துல யானை ரெண்டு தடவ வருது, ஒரு பக்கம் தெருவுல ஆள மிதிச்சுட்டு வருது, இன்னொரு பக்கம் புத்தர் கால்கிட்ட மண்டி போட்டிருக்கு. எல்லாரும் யானையத்தான் பாப்பாங்க. நான் அரை மணி நேரம் பாத்தது மாடி ஜன்னல்ல இருந்து எட்டிப் பாக்குற ஜனங்கள. அவங்க துறவி இல்ல, அந்தத் தெருவுல குடியிருக்கிறவங்க. கீழ ஒரு பொண்ணு பயத்துல அப்படியே பின்னால சாயறா. பக்கத்துல போய்ப் பாத்தா சுண்ணாம்புக் கல்லு அரிச்சுப் போயிருக்கு, ஆனா அந்தச் சாயல் அப்படியே இருக்கு. நாகப்பட்டினத்து வெண்கல புத்தர்களையும் போற போக்குல ஒரு பார்வை பாத்துட்டு வந்தேன், அதுக்கு இன்னொரு நாள் வேணும்.

வெயில் மண்டையப் பொளக்குது, அக்னி நட்சத்திரம் முடியல. நடந்தே கென்னட் லேன் வந்துட்டேன். ரெண்டு பக்கமும் லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, டிராவல்ஸ் போர்டு, அதுக்கு நடுவுல இலங்கை மகாபோதி சங்கத்து விகாரம். அனகாரிக தர்மபாலர் 1891ல ஆரம்பிச்ச சங்கம் அது, புத்தகயா போற இலங்கை ஜனங்க சென்னைல எறங்கினா தங்கறது இங்கதான். 2011 ஜனவரில இங்க தாக்குதல் நடந்து பிக்குகளுக்கு அடிபட்டதும் ஞாபகம் இருக்கு. உள்ள போறதுக்கு எனக்கே தயக்கம் இருந்துச்சுங்கறத மறைக்க விரும்பல. மே மாசம்னா எனக்கு முள்ளிவாய்க்கால்தான், 2009ல ராத்திரி ராத்திரி தூங்காம செய்தி பாத்துட்டு கெடந்தவன் நான். செருப்பக் கழட்டி விட்டுட்டு ரெண்டு நிமிஷம் படிலயே நின்னேன்.

"உள்ள வாங்க தம்பி, வெயில்ல நிக்காதீங்க"ன்னு கூப்ட்டவர் பெரம்பூர்க்காரர், ஐசிஎஃப்ல இருந்து ரிட்டையர் ஆனவர், வெள்ள சட்டைப் பைல அம்பேத்கர் படம் போட்ட டைரி. ஃபேனுக்கு அடியில உக்காந்து ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினோம். விபாசனா போனேன்னு சொன்னதும், "நல்லது, ஆனா எனக்கு அது பத்தாது"ன்னார். ஏன்னு கேட்டதுக்கு அவர் சொன்னத முடிஞ்ச வரைக்கும் அப்படியே எழுதுறேன். விஷ அம்பு பட்டவன் கதை இருக்கில்ல, அம்ப விட்டது யாரு, என்ன சாதி, என்ன ஊருன்னு தெரிஞ்சாத்தான் புடுங்க விடுவேன்னு அடம் புடிச்சா அதுக்குள்ள செத்துருவான்னு புத்தர் சொன்னது. "எங்க அப்பா தூர் வாரின கெணத்துல எங்க அப்பாவுக்குத் தண்ணி கெடையாது தம்பி. அந்த அம்ப விட்டது யாருன்னு நான் கேக்கலன்னா அது என் புள்ள மேலயும் வந்து குத்தும். போன ஜென்மத்துப் பாவம்னு சொல்லிச் சொல்லித்தான எங்கள அங்க வச்சாங்க, அதையே துக்கம் உங்க வினைன்னு புத்தர் பேர்ல சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

நான் எதிர்பாக்கல. கும்பிடற எடத்துலயே உக்காந்து இப்படி வாதாடலாமான்னு கேட்டேன். பாபாசாகேப் அம்பேத்கரே கேட்டிருக்காரேன்னார். உண்மைதான், 1956 அக்டோபர் 14 நாக்பூர்ல லட்சக்கணக்கான ஜனங்களோட பௌத்தத்துக்கு வந்தவர், அவர் செத்த மறு வருஷம் வெளிவந்த புத்தரும் அவர் தம்மமும் புத்தகத்தோட முன்னுரைலயே, பொறப்பு துக்கம் சாவு துக்கம்னு ஆரம்பிச்சு, துக்கம், அதுக்குக் காரணம், அது தீரும்ங்கறது, தீர்ற வழின்னு போற பௌத்தத்தோட இந்த நாலு உண்மைகள் மனுஷனோட நம்பிக்கையப் பறிக்குதே, இது புத்தர் சொன்னதுதானா இல்ல பிக்குகள் பின்னாடி சேத்ததான்னு கேட்டு வச்சிருக்கார். பெரியவர் அதோட விடல, அதுக்கும் அரை நூத்தாண்டு முன்னாடி 1898ல நம்ம ராயப்பேட்டைலயே அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கம் ஆரம்பிச்சத சொன்னார், பண்டிதர் சித்த வைத்தியர்ங்கறதால நோய், நோய்க்குக் காரணம், தீரும்ங்கற தைரியம், மருந்துன்னு நாலு உண்மையையும் வைத்தியமாத்தான் பாக்கணும்னார். தாம்பரம் சானடோரியத்துல அவர் பேர்ல இருக்கிற சித்தா ஆஸ்பத்திரிலதான் அம்மாவுக்கு மூட்டுவலிக்கு எண்ணெய் வாங்கிட்டு வருவேன், அந்தப் பேரு யாருன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல, அது உறுத்துச்சு.

கெளம்பறப்ப மணிமேகலைல இருந்து நாலு வரிய மூச்சு விடாம சொன்னார். "பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம், பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம், பற்றின் வருவது முன்னது, பின்னது அற்றோர் உறுவது." நான் பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினதுதான். ஆனா இது யாருக்குச் சொன்னதுன்னு இந்தத் தடவதான் புரிஞ்சுது. கோவலன் கொலையானதக் கேட்டு மாதவி அறவண அடிகள்ங்கற பௌத்தத் துறவி கால்ல விழுந்து அழறா, அப்ப அவர் அவளுக்குச் சொன்னது இது. இந்திர விழாவுக்கு ஏன் ஆட வரலன்னு ஊர் அலர் தூத்துதுன்னு சொல்ல தோழி வயந்தமாலை வர்றா, அவகிட்ட மாதவி இத எடுத்துச் சொல்றா. மணிமேகலைல நாலு உண்மை வர்ற இந்த எடமே ஒரு துக்க வீடு மாதிரிதான்.

சாயங்காலம் ஆனதும் புத்தகயா போய்ட்டுத் திரும்பின ஒரு குரூப் வெள்ளச் சேலை கட்டிக்கிட்டு கீழ எறங்கி வந்தாங்க. தட்டு நெறைய பூ, நம்ம எழும்பூர் பூக்கார அம்மாகிட்ட வாங்கின மல்லியும் செவ்வந்தியும். நான் வெறுங்கையோட நிக்கிறதப் பாத்துட்டு அறுவது வயசுக்கு மேல இருக்கிற ஒரு அம்மா தட்டுல இருந்து பாதிய அள்ளி என் கைல வச்சாங்க. எல்லாரும் பாலில ஒண்ணு சொன்னாங்க. கூட வந்த கைடு கொழும்புத் தமிழ்ப் பையன், அவன்தான் அர்த்தம் சொன்னான். இந்தப் பூவால புத்தரப் பூஜிக்கிறேன், இந்தப் பூ வாடுற மாதிரி என் ஒடம்பும் அழிஞ்சு போகும். அவங்க ஊர்ல வீட்டு ஜனங்க தெனம் பூ வைக்கும்போதே இதச் சொல்லித்தான் வைப்பாங்களாம். என் கைல இருந்த மல்லி ஏற்கெனவே ஓரம் பழுப்பா ஆயிருந்துச்சு.

பூ வச்சுட்டு ஓரமா உக்காந்தப்ப அந்த அம்மா பையன் மூலமா அம்மா இருக்காங்களான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அப்புறம் ஒவ்வொண்ணா கேக்க ஆரம்பிச்சாங்க. எப்படி ஆச்சு. எத்தன நாள். கடைசியா என்ன சாப்ட்டாங்க. அந்தப் பையன் அதத் தமிழ்ல சொல்லச் சொல்ல எனக்கு எங்க வீட்டு சாமியானாக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி ஆயிடுச்சு. நானும் கேட்டேன், அதுதான முறை. அவங்க அண்ணன் மகன் ஆர்மிக்குப் போனவன், 2008ல போனவன் திரும்பி வரல. இதச் சொல்லும்போது பையன் என் மூஞ்சியப் பாக்காம சொன்னான். எனக்கும் ஒண்ணும் வாய்ல வரல, எந்தப் பக்கத்து ஞாபகமெல்லாமோ வந்து தொண்டைல நின்னுச்சு. கடைசில அவன் பேர் என்னன்னு மட்டும் கேட்டேன். சொன்னாங்க. அம்மா பேர் கேட்டாங்க. சொன்னேன்.

அப்பத்தான் அது வந்துச்சு. டியூபப் புடுங்குறாங்கன்னு அம்மாவோட ரெண்டு கையையும் கட்டில் கம்பியோட துணியால கட்டினாங்க, அதுக்கு ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டது நான், கண்ணாடி வழியா அம்மா என்னப் பாத்தாங்க. இதத் தங்கச்சிகிட்ட கூட சொன்னதில்ல. பையன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான், அப்புறம் மெதுவா சிங்களத்துல சொன்னான், நாலஞ்சு வார்த்தைதான். அந்த அம்மா ஒண்ணும் சொல்லல. என் ரெண்டு மணிக்கட்டையும் எடுத்து மடில வச்சுக்கிட்டு, வெளக்கு ஏத்தறதுக்கு ஆளுங்க கூப்பிடற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாங்க.