அக்காவோட நெறிக்கட்டும் அந்த வைரஸும்

ஜூன் 4
பயாப்ஸி ரிப்போர்ட் வந்துடுச்சு, கேசில்மேன் நோய், அதாவது நிணநீர் முடிச்சு (நெறி) வீங்குற அபூர்வ நோய். கழுத்து, அக்குள், தொடையிடுக்குன்னு பல இடத்துல நெறி கட்டியிருக்கிறதால மல்டிசென்ட்ரிக் வகையாம். ஒரே இடத்துல மட்டும் இருந்தா ஆபரேஷன் பண்ணி எடுத்தாலே பெரும்பாலும் சரியாயிடும். டாக்டர் எச்ஐவி டெஸ்ட் எழுதினாரு, அதே திசுவுல எச்எச்வி-8 வைரஸ் இருக்கான்னு பாக்க லானா-1 ஸ்டெயினும். எச்ஐவின்னதும் அம்மா முகமே மாறிப்போச்சு. அது இருந்தா எதிர்ப்புசக்தி குறைஞ்சு எச்எச்வி-8 சுலபமா தலைதூக்கும்மா, அதான் கேக்குறாங்கன்னு சொல்லி புரியவெச்சேன்.

ஜூன் 6
தூக்கம் வரல, படிச்சிட்டே இருந்தேன். 1994ல நியூயார்க்ல யுவான் சாங், பேட்ரிக் மூர் ரெண்டு பேரும் கப்போசி சர்கோமாங்கிற புற்றுநோய் கட்டியில கண்டுபிடிச்ச வைரஸ்தான் இந்த எச்எச்வி-8, மறுவருஷமே பாரிஸ்ல கேசில்மேன் நெறியிலயும் சிக்கியிருக்கு. நம்ம உடம்பு சுரக்கிற, அழற்சிய தூண்டுற ஐஎல்-6ங்கிற புரதம் மாதிரியே ஒரு புரதத்த இந்த வைரஸும் தயாரிக்குது. அக்காவுக்கு விடாத காய்ச்சல், அழற்சிய காட்டுற சிஆர்பி அளவு ஏறுறது, ரத்தசோகை எல்லாம் ஐஎல்-6 அதிகமானா வர்றதுதான்.

ஜூன் 11
ரெண்டுமே நெகட்டிவ். அப்போ ஐஎல்-6 ஏன் ஏறுது? வேற ஏதாவது வைரஸா?

ஜூன் 14
இதையே தேடிப் பாத்திருக்காங்க! மெடிக்கல் படிக்கும்போது 2010ல இதே நோய் வந்து சாவு வரைக்கும் போய்ட்டு வந்த டேவிட் ஃபாய்கன்பாமும் கொலம்பியா யுனிவர்சிட்டிக்காரங்களும் சேர்ந்து 2019ல வெளியிட்ட ஆய்வு. முதுகெலும்புள்ள உயிர்களுக்கு தொத்துற 207 வகை வைரஸையும் ஒரே டெஸ்ட்ல தேடுற முறை, வைரஸோட மரபணுவ பிடிக்கிற தூண்டில் மாதிரி சுமார் 20 லட்சம் புரோப். காரணம்னு கை காட்டுற மாதிரி எதுவும் சிக்கல. எனக்கு இது பெரிய விஷயமா படுது, நெறிக்குள்ள இப்ப வைரஸ் பெருகிட்டு இல்லன்னா வைரஸ் மருந்துல நாள கடத்தாம நேரா ஐஎல்-6 மேல கை வைக்கலாமே. ஆனா எப்பவோ வந்து தூண்டிவிட்டுட்டு போயிட்ட வைரஸ் இந்த டெஸ்ட்ல தெரியாது, அந்தக் கதவு இன்னும் மூடல.

ஜூன் 18
ஐஎல்-6அ தடுக்குற சில்டக்சிமாப் மருந்த ஆரம்பிக்கலாம்னாரு டாக்டர். 79 பேர் கலந்துகிட்ட ட்ரயல்ல மருந்து வாங்கின 53 பேர்ல 18 பேருக்கு நீடிச்ச பலன், மருந்தில்லாத ஊசி போட்டவங்கள்ல ஒருத்தருக்கும் இல்ல. மூணுல ஒருத்தர்தான், ஆனாலும் அக்கா "போடுங்க சார்"னுட்டா. வெளிய வந்து பேத்தாலஜியில பயாப்ஸி திசுவ பதிச்சு வெச்ச மெழுகு பிளாக்க பத்திரமா வெச்சிருக்க சொல்லி எழுதி குடுத்தேன், நாளைக்கு புது டெஸ்ட் ஏதாவது வந்தா அதுலயே பாத்துக்கலாம்.