பெட்டியின் பின்பக்கம்

எங்கள் கடை இழுப்பறையில் கத்தரிக்கோல், ரப்பர் பேண்டு, சில்லறைப் பொட்டலம் இவற்றோடு ஒரு பூதக்கண்ணாடியும் கிடக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இந்த மருந்துக்கடையில் நான் மருந்தாளுநராகச் சேர்ந்தது 2011-இல். சேர்ந்த சில மாதத்தில் தானே புயல் வந்து பெயர்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தக் காலத்தில் பூதக்கண்ணாடிக்கு வேலையே இல்லை. மருந்தின் பெயரையும் எக்ஸ்பைரி தேதியையும் பார்த்தால் போதும். முகத்துக்கு என்று இருந்தது பவுடர், சோப்பு, இரண்டு மூன்று க்ரீம். இன்று அந்தச் சாமான் மட்டும் நான்கு தட்டு அடைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது. பெட்டியின் பின்பக்கம் எறும்பு ஊர்வது போல அச்சடித்திருப்பதைப் படிக்கக் கண்ணாடி இல்லாமல் முடியவில்லை.

கேட்கிற விதமும் மாறிவிட்டது. முன்பு “முகத்துக்கு நல்ல க்ரீமா ஒண்ணு குடுங்க” என்பார்கள். இப்போது கல்லூரிப் பெண் ஃபோனை நீட்டி, “நியாசினமைட் பத்து பர்சன்ட் இருக்காக்கா?” என்கிறாள். பி.ஃபார்ம் படித்தபோது நான் உருப்போட்ட பெயர்களை இவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்வது போலச் சொல்கிறார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சதவீதத்தைப் பரீட்சை மார்க் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஐந்தைவிடப் பத்து பெரிசு, அப்போ பத்துதான் நல்லது!

நியாசினமைட் என்பது வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் அடியில் இருக்கும் செல்களில் தயாராகி மேலே உள்ள செல்களுக்குப் போய்ச் சேரும். நியாசினமைட் அந்தத் தயாரிப்பை நிறுத்துவதில்லை, பட்டுவாடாவைத் தாமதப்படுத்துகிறது. தோலின் மேலடுக்கு ஈரத்தை விடாமல் காக்கவும் உதவும். நான்கு, ஐந்து சதவீதத்திலேயே இந்த வேலை நடக்கும் என்பது ஆய்வுகளில் பார்த்த விஷயம். பத்தைப் பூசிக்கொண்டு முகம் சிவந்து எரிகிறது என்று திரும்பி வந்தவர்கள் எங்கள் கடையிலேயே உண்டு. பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும் என்று நான் சொன்னால் முகம் தொங்கிவிடும். அவர்களுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணம்.

ஒரு நவம்பர் மழை நாள். கெடிலத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று பேச்சு, ஊரே வீட்டுக்குள் இருந்தது. பொழுது போகாமல் இரண்டு மாய்ஸ்சரைசர் பெட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்று 140 ரூபாய், மற்றொன்று 690. பழைய பில் புத்தகத்தின் முதுகில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் இது என்று உட்பொருள்களை வரிசையாக எழுதினேன். இந்த வரிசைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எது அதிகமோ அது முதலில் வர வேண்டும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று எழுதியிருக்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பீனாக்ஸி எத்தனால் என்று ஒரு பொருள் பெரும்பாலான க்ரீம்களில் இருக்கும், கெடாமல் இருப்பதற்காகச் சேர்ப்பது. அதை ஒரு சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. ஆக, அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அநேகமாகச் சிட்டிகைக் கணக்கு.

இரண்டிலும் முதல் பொருள் தண்ணீர். இரண்டாவது, இரண்டிலும் கிளிசரின். தோலுக்குள் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைப்பது அதுதான். அப்புறம் மெழுகு போன்ற ஒரு பொருள், வழுவழுப்புக்கு ஒன்று, பீனாக்ஸி எத்தனால். 690 ரூபாய்ப் பெட்டியின் முகப்பில் தங்க எழுத்தில் மின்னிய ஹயலுரானிக் அமிலத்தைத் தேடினேன். பதினாறாவது இடத்தில், பீனாக்ஸி எத்தனாலுக்கும் மூன்று பெயர் தள்ளி இருந்தது. அது செய்வதும் ஈரத்தைப் பிடித்து வைக்கிற வேலைதான். இரண்டாவது இடத்தில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த கிளிசரினுக்கு எந்த எழுத்தும் மின்னவில்லை.

அன்றைக்குப் பெரிய திருட்டைப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. ஒரு மாதம் போல வருகிறவர்களிடமெல்லாம் “ரெண்டும் ஒண்ணுதாம்மா, விலை குறைஞ்சதையே வாங்கிக்க” என்றேன். அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. 140 ரூபாய் க்ரீமில் வழுவழுப்புக்கு மினரல் ஆயில் போட்டிருந்தார்கள். மூடி போட்ட மாதிரி தோலின் மேல் உட்கார்ந்து ஈரத்தைப் போக விடாது. மார்கழிக் குளிரில், ஊட்டியில், அது அருமையான சரக்கு. சித்திரை மாதம், கடல்காற்றில் சட்டை முதுகோடு ஒட்டும் கடலூரில், ஒரு பெண்ணுக்கு நெற்றியெல்லாம் பொரிப்பொரியாக வந்துவிட்டது. விலை அதிகமானது ஜெல் பதத்தில் இருந்தது, அவளுக்கு அதுதான் ஒத்துக்கொண்டது. வரிசையில் கடைசியில் இருந்தால் உதவாது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினால் அரை சதவீதத்துக்கும் கீழே இருந்தாலே வேலையைக் காட்டிவிடும். பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டது நல்லதுதான். படித்த மறுநாளே தீர்ப்பு சொன்னதுதான் தப்பு.

வைட்டமின் சி கதை வேறு. கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில், பார்வைக்கு அழகாக ஐந்தாறு சீரம் பாட்டில்களை அடுக்கியிருந்தோம். எங்கள் கடை மேற்குப் பார்த்த கடை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வெயில் நேரே உள்ளே வந்து அந்தத் தட்டில்தான் விழும். வைட்டமின் சி-யின் சுத்த வடிவமான அஸ்கார்பிக் அமிலத்துக்கு வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் ஆகாது. ஒரு நாள் ஸ்டாக் எடுக்கும்போது பெட்டியைத் திறந்து பார்த்தால், தண்ணீர் நிறத்தில் வந்தது டீ டிகாஷன் நிறத்துக்குப் போயிருந்தது. எக்ஸ்பைரிக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது. முதலாளி, “தேதி இருக்குல்ல, இருபது பர்சன்ட் தள்ளிக் குடுத்துடு” என்றார். தப்பான மனிதர் இல்லை, கையிலிருந்து போட்ட காசு. நான் ஒரு டிஷ்யூ பேப்பரில் இரண்டு சொட்டு விட்டு அவர் முன்னால் வைத்தேன். மஞ்சள் கறையை ஒரு நிமிடம் பார்த்தார். “திருப்பி அனுப்பு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அதன் பிறகு அந்தத் தட்டில் சீப்பும் பல்துலக்கும் பிரஷ்ஷும் வைக்கிறோம்.

அமிலங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைவதால் துவாரத்துக்குள் இறங்கும், அதனால்தான் பருவுக்குத் தருகிறோம். கிளைக்காலிக் அமிலம் மேலே உள்ள செத்த செல்களை உதிர்க்கும். இதற்குப் படத்தில் கரும்பு போட்டிருப்பார்கள். எங்கள் அப்பா நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியவர். பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னேன். “அப்ப நான் இத்தனை வருசம் சாறு வழிய நின்னதுக்கு எம்மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றார். கரும்பில் அந்த அமிலம் இருப்பது உண்மை, பாட்டிலில் வருவதைப் பெரும்பாலும் ஆலையில் வேதியியல் முறையில் தயாரிக்கிறார்கள் என்றேன். சிரித்தார். கிளைக்காலிக் அமிலத்தையும் ரெட்டினாலையும் ஒரே ராத்திரியில் பூசிக்கொண்டு வெந்த முகத்தோடு வருகிறவர்களிடம், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மாய்ஸ்சரைசரும் சன்ஸ்க்ரீனும் மட்டும் போடச் சொல்வேன்.

ரெட்டினால் என்றதும் இன்னொரு சங்கடம். அது ஒரு பெரிய குடும்பம். ரெட்டினைல் பால்மிட்டேட் என்பது தோலுக்குள் போய் ரெட்டினாலாக மாறி, பிறகு ரெட்டினால்டிஹைடாக மாறி, கடைசியில் ரெட்டினாயிக் அமிலம் ஆனால்தான் வேலை செய்யும். மூன்று படி ஏற வேண்டும் என்பதால் வீரியம் குறைவு. ட்ரெட்டினாயின் கடைசிப் படியிலேயே நிற்கிற ஆள், அதனால் டாக்டர் சீட்டு வேண்டும். இந்தக் குடும்பத்தில் எதையுமே கர்ப்பிணிகள் பூசக் கூடாது. கவுன்டரில் நான்கு ஆண்கள் நிற்க, பக்கத்தில் மாமியார் நிற்க, புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் இதை எப்படிக் கேட்பது? பில்லைக் கொடுக்கிற சாக்கில் ஓரமாகக் கூப்பிட்டு, “முழுகாம இருக்கியாம்மா?” என்பேன். இரண்டு தடவை, எனக்குப் பதில் சொல்லும்போதுதான் நாள் தள்ளிப்போனது நினைவுக்கு வந்து விழித்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி சொல்லப் போவது சொல்லப் பிடிக்காத விஷயம். ஆரம்ப வருடங்களில் ஒரு வகை ட்யூப் கையோடு கையாகப் போகும். அதில் மூன்று மருந்து: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டாசோன். முதலாவது மெலனின் தயாரிப்பைக் குறைக்கும், இரண்டாவது பழைய செல்லைச் சீக்கிரம் தள்ளிவிடும், மூன்றாவது அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு. மங்கு விழுந்த முகத்துக்குத் தோல் மருத்துவர் சில வாரத்துக்கு மட்டும் எழுதித் தருகிற மருந்து. ஊரில் அதற்குப் பெயர் ‘வெள்ளையாக்குற க்ரீம்’. பேஸ்ட் கேட்பது போலக் கேட்பார்கள், பேஸ்ட் எடுத்துக் கொடுப்பது போல நானும் கொடுத்தேன். சீட்டு கேட்டதில்லை.

தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு பெண், துணிக்கடையில் வேலை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். முதல் ட்யூப் முடிந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது, “சூப்பர்க்கா” என்றாள். மாதம் ஒன்றாக எட்டு ட்யூப் வாங்கியிருப்பாள். பிறகு ஆளைக் காணோம். ஒரு வருடம் கழித்து வந்தபோது துப்பட்டாவால் முகத்தைச் சுற்றியிருந்தாள். விலக்கிக் காட்டினாள். கன்னம் காகிதம் மாதிரி மெலிந்து சிவப்பு நரம்பு கோடு கோடாகத் தெரிந்தது. தாடையோரம் பூனைமுடி. சின்னச் சின்னப் பருக்கள். பூசுவதை நிறுத்தினால் நெருப்பாக எரிகிறது, அதனால் மறுபடி பூசுகிறாள், வெயிலில் போக முடியவில்லை. “நான் ஏதாவது தப்பாப் பூசிட்டனாக்கா?” என்று என்னிடம் கேட்டாள்.

அவளைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். முதல் தடவை கூடவே போனேன். ஓரளவு சரியாக ஒன்றரை வருடம் ஆனது. நரம்புக் கோடு இன்னும் இருக்கிறது. மேலே பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் அறிவிக்கை வெளியிட்டது. அதற்கு முன்பே நான் நிறுத்திவிட்டேன் என்று பெருமை பேச எனக்கு வாய் இல்லை. அந்த ட்யூபின் பின்பக்கம் மூன்று பெயரும் தெளிவாக அச்சாகியிருந்தன. கண்ணாடிகூட வேண்டியதில்லை. படித்தவள் நான்தான், பட்டதாரிச் சான்றிதழ் சட்டம் போட்டு என் தலைக்கு மேலே தொங்குகிறது.

இன்றும் காலி ட்யூபைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். இல்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போவார்கள், போகட்டும். அதைவிட மோசம், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் டப்பா. போன வருடம் ஒரு அம்மா மகளுக்காக ஒன்றைக் கொண்டுவந்து, “இதே மாதிரி கிடைக்குமா?” என்றார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு திருப்பினேன். பின்பக்கம் எதுவுமே இல்லை. உட்பொருள், தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண் ஒன்றும் கிடையாது. இப்படிப்பட்ட சில க்ரீம்களில் பாதரசம் இருக்கும். பாதரசம் நிறத்தைக் குறைக்கும், தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலப்புரம் மாவட்டத்தில் 2023-இல் இப்படிப்பட்ட முகப்பூச்சைப் பூசிய சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு என்று செய்தி வந்ததைச் சொன்னேன். மகளுக்குக் கால் வீங்கியிருக்கிறதா, சிறுநீர் நுரையாகப் போகிறதா என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டோடு வந்து, எந்த லேபில் எடுக்கலாம் என்று கேட்டார்.

போன வாரம் பண்ருட்டிப் பக்கத்துப் பெரியம்மா ஒருத்தர், ஜில்லா ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கடையில் கொஞ்சம் உட்கார்ந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கிற கை. ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு பெண் சீரம் வாங்குவதைப் பார்த்துவிட்டு, “இந்தக் கைக்கு இதுல ஏதாச்சும் இருக்கா கண்ணு?” என்றார். புண்ணான இடத்தில் அதெல்லாம் கூடாது, கையுறை போட முடியாதா என்றேன். வழுக்குமாம், ஒரு நாள் கூலியில் பாதி போய்விடுமாம். விளக்கெண்ணெயும் சாம்பலும்தான் தொட்டுக்கொள்கிறார்கள்.

புண்ணுக்கு டாக்டர் எழுதிய ஆயின்மென்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அது ஆறினதும் வேலைக்கு உட்காரும் முன் தடவிக்கொள்ள பெட்ரோலியம் ஜெல்லி சின்ன டப்பா ஒன்று. கையுறை அளவுக்குக் காக்காது, தோலுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான் என்றேன். பெரியம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல என்னல்லாம் போட்டிருக்கான், படிச்சுச் சொல்லு.”

கண்ணாடியை எடுத்தேன். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.